பெயர் சொல்லி அழைக்காத வாசிப்பு

யூதப் புத்தாண்டுக்கு முன்னால், கோடை முடியப்போகும் ஒரு சனிக்கிழமை, ஆண்ட்வெர்ப் நகரின் அந்தச் சிறிய யூதத் தொழுகைக்கூடத்தில் தோரா வேதச் சுருளிலிருந்து சாபங்களை வாசிப்பார்கள். மற்றப் பகுதிகளுக்கு ஆளைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பது வழக்கம். இதற்கு மட்டும் அழைப்பதில்லை. சாபத்தோடு ஒருவன் பெயரைச் சேர்த்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்? யாராவது தானாக எழுந்து போய்ச் சுருளின் அருகில் நிற்க வேண்டும்.

இருபத்தாறு வருடங்களாக அந்த யாராவது, கூடத்துப் பணியாள் கால்மன்தான். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒருவரும் எழாமல் வாசிப்பு வெகுநேரம் நின்றுபோனது. பசி தாங்காமல் கால்மன் எழுந்து போனார். பிறகு அது, புத்தகங்களை அடுக்குவது, கூடத்தைப் பெருக்குவது போல அவர் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

"என்ன கால்மன், இந்த வருஷமும் சாபம் மொத்தமும் உனக்குத்தானா? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையப்பா" என்று வியாழக்கிழமை நிர்வாகி சூஸ்கிண்ட் சீண்டினார்.

"இந்த வருஷம் நான் போகலை."

"ஏன், இப்பத்தான் பயம் வந்துச்சா?"

"போகலைன்னா போகலை, விடுங்க."

காரணத்தை வெளியே சொல்ல முடியாது. மகள் பெர்லுக்கு நான்காம் மாதம். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. வயிறு தெரியும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி மனைவி ஹிண்டா சொல்லியிருந்தாள்: "உங்களாலதான் வந்துச்சுன்னு சொல்லலை. ஆனா ரெண்டு வருஷமும் நீங்கதான் அங்க நின்னீங்க. இந்தத் தடவை வேண்டாங்க."

அவர் வாக்குக் கொடுத்தார்.

சனிக்கிழமை ஐந்து பேர் மேடைக்குப் போய்த் திரும்பினார்கள். அடுத்தது சாபங்கள் வரும் ஆறாவது பகுதி. வாசிப்பவர் வரி காட்டும் வெள்ளிக் குச்சியைச் சுருளின் மேல் நிறுத்திக் காத்திருந்தார். சூஸ்கிண்ட் கால்மனைப் பார்த்தார். கால்மன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, மத்தியானச் சாப்பாடும் இங்கேயேதானா?" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் யுதெல் எழுந்தார். இந்த வசந்தத்தில், பஸ்கா பண்டிகை முடிந்த வாரம் ஒரே மகனைப் புதைத்தவர்.

"நான் போறேன். இனிமே எனக்கு என்ன வந்துடப் போகுது?"

எழுந்ததே தெரியாமல் கால்மன் எழுந்திருந்தார். நடைபாதையை மறித்து யுதெலின் முழங்கையைப் பிடித்தார்.

"நீங்க உட்காருங்க."

"விடு கால்மன்."

"இது என் இடம், யுதெல். உட்காருங்க."

மேடை ஏறும்போது மேலே ஹிண்டா இருந்த பெண்கள் மாடத்தின் மரத்தட்டியை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறாவது பகுதி நல்வாக்குகளோடுதான் தொடங்கும். 'உன் வயிற்றின் கனியில் உனக்கு நிறைவு தருவார்' என்ற வரியை வாசிப்பவர் கணீரென்று பாடினார். சாபங்கள் வந்ததும், வழக்கப்படி குரலைத் தாழ்த்தி வேகமாக ஓட்டினார். 'உன் வயிற்றின் கனி சபிக்கப்பட்டிருக்கும்.' கால்மன் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். கடைசிவரை கையை எடுக்கவில்லை.

வாசலில் ஹிண்டா நின்றிருந்தாள். இருவரும் தெருமுனைக்கு வந்தார்கள்.

"உனக்குக் கொடுத்த வாக்கை..." என்று ஆரம்பித்தார்.

"யுதெல் எழுந்ததை நானும் பார்த்தேன்."

இன்னும் சிறிது தூரம் நடந்தார்கள்.

"முதல்ல படிச்சதுதான் மேல எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணும் காதுல விழலை" என்றாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் மகள் வீட்டுத் தெருவில் இறங்கினாள். "கேட்டதை மட்டும் பெர்ல்கிட்ட சொல்லப் போறேன். நீங்களும் வாங்க."