அன்புச்செல்வி கழற்றிய டைமிங் பெல்ட்

என் மனைவி அன்புச்செல்விக்கு ஒரு பழக்கம் உண்டு. எதற்கும் எதிர்த்துப் பேச மாட்டாள். நான் கத்தி ஓயும் வரை பொறுத்திருந்து, தான் நினைத்ததைச் செய்துவிடுவாள். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவன் நான். கார் எஞ்சின் விஷயத்திலும் என்னிடம் அவள் அப்படித்தான் நடந்துகொண்டாள்.

கொமாரபாளையத்தில் பன்னிரண்டு விசைத்தறி ஓடும் கொட்டகைக்கு அவள்தான் மேஸ்திரி. ஒரு தறி மக்கர் செய்தால் மோட்டாரை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் உருட்டிப் பார்ப்பாள். ஊடை நூலோடு ஓடும் நாடா எந்த இடத்தில் முட்டுகிறது, எந்த நேரத்தில் பிசகுகிறது என்று நாலு உருட்டில் சொல்லிவிடுவாள். முதலாளி பாலசுந்தரமே அவளைக் கேட்காமல் ஒரு போல்ட்டைத் தொட மாட்டார்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது நான் வழுக்கி விழுந்தேன். அன்றோடு இரண்டு கால்களும் அசைவற்றுப் போயின. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கால்களுக்குப் பயிற்சி. வாடகைக் கார் எனக்குச் சரிப்படவில்லை. அதனால் ஒரு பழைய டீசல் காரை வாங்கி, சக்கர நாற்காலியிலிருந்து சீட்டுக்கு நான் சறுக்கி ஏறுவதற்கு ஒரு பலகையும் செய்து வைத்தாள் செல்வி. போன மாதம்தான் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. ஒரு நாள்கூட விடக்கூடாது என்று பயிற்சி கொடுப்பவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மெக்கானிக் குண்டைத் தூக்கிப் போட்டார். "டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னே தெரீலீங்க. வழீல அறுந்துச்சுன்னா எஞ்சின் காலி. உட்டுட்டுப் போங்க, கைல வேலை கெடக்குது, பத்து நாளாவும்."

பத்து நாள் என்றால் நான்கு பயிற்சியாவது போய்விடும். எஞ்சினின் மேல் சக்கரத்தையும் கீழ் சக்கரத்தையும் ஒரே கணக்கில் சுழல வைக்கும் ரப்பர் பட்டை அது; மாற்றாமல் ஓட்டினால் காரே போய்விடும்.

"நானே மாத்திப் போடறனுங்க" என்றாள் செல்வி.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்புள்ள, இது தறியா? என்ற லாரில பெல்ட்டே கெடையாது, பல்சக்கரந்தான். சத்தம் நல்லாத்தான இருக்குது, ஓடட்டும் உடு!"

"பல்சக்கரம் தேஞ்சா சத்தம் போடுமுங்க. பெல்ட்டு சொல்லிட்டா அறுவும்?"

ஞாயிற்றுக்கிழமை அதே மெக்கானிக் வேறொரு காருக்குப் பெல்ட் மாற்றியபோது, தொடக்கம் முதல் முடிவு வரை செல்வி கூடவே நின்று பார்த்தாள். கோயம்புத்தூரில் படிக்கும் எங்கள் மகள் தமிழினி, அந்த எஞ்சினின் வேலைமுறைத் தாள்களைத் தமிழில் எழுதி அனுப்பினாள். "மேல் சக்கரத்துக் குறியும் கீழ் சக்கரத்துக் குறியும் நேரா வரலீன்னா சாவியத் தொட மாட்டனுங்க. மெக்கானிக்கக் கூப்புட்டுருவேன்" என்று செல்வி என்னிடம் உறுதி சொன்னாள்.

மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் நிறுத்தும் செவ்வாய்க்கிழமை கொட்டகைக்கும் விடுமுறை. அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் பானட்டைத் திறந்தாள். தாளைப் படித்துச் சொல்வது என் வேலை. கடுப்போடுதான் உட்கார்ந்திருந்தேன். தமிழினியின் நகப்பாலிஷால் மேல் சக்கரத்திலும் கீழ் சக்கரத்திலும் குறி வைத்தாள். பழைய பெல்ட்டைக் கழற்றி வளைத்துக் காட்டினாள். உள்பக்கம் முழுக்க வெடிப்பு. நான் தாளில் அடுத்த வரிக்குப் போனேன்.

மதியத்துக்குள் புது பெல்ட் ஏறியது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு ஸ்பானரால் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றினாள். கீழ்க் குறி கொஞ்சம் தாண்டிப் போனது. தறியில் செய்வதுபோல் கை தன்பாட்டுக்குப் பின்னால் உருட்டியது. மறுபடி முன்னால் சுற்றி முடித்தபோது குறி இரண்டும் ஒரு பல் தள்ளி நின்றன.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. "அந்தத் தாள்ல வேற ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?"

தாளைப் பார்த்தேன். 'வலப்பக்கம் மட்டுமே சுற்ற வேண்டும். பின்னால் திருப்பக் கூடாது; பெல்ட் தளர்ந்து பல் தாண்டிவிடும்.' எனக்கென்ன தெரியாதா என்று நான் படிக்காமல் தாண்டிப் போன வரி அது. தறிக்காரிக்குக் கை பின்னால் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"தப்பு என்ற மேலதான், செல்வி. நாந்தான் படிக்காம உட்டுட்டேன். மெக்கானிக்கக் கூப்புட்டுரலாம்."

ஸ்பானரைத் திரும்பக் கையில் எடுத்தாள். "எங்க தப்புன்னு தெரிஞ்சு போச்சில்லீங்க. மொதல்லருந்து கழட்டறேன். இந்தத் தடவ ஒரு வரி உடாம படிங்க."

படித்தேன். முற்றுப்புள்ளியைக்கூட விடவில்லை. வெயில் சாய்ந்தபோது இரண்டு சுற்று முடிந்து, குறி இரண்டும் நேருக்கு நேர் நின்றன. நான்கு தடவை சுற்றிப் பார்த்தாள். நான்கு தடவையும் அங்கேயே வந்து நின்றன.

"பெல்ட்டு ஓடறத நான் பாக்கோணும். நீங்க சாவி போடுங்க" என்றாள்.

விழுந்த பிறகு டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பலகையைப் போட்டு, என் கால்களைத் தூக்கி உள்ளே வைத்து, ஆக்சிலேட்டரை அமுத்த ஒரு குச்சியையும் கொடுத்தாள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒரே பிடியில் பிடித்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு கிறீச் இல்லை.

"கொஞ்சம் ரேஸ் குடுங்க!" என்று பானட்டுக்குப் பின்னாலிருந்து கத்தினாள்.

கொடுத்தேன். சத்தம் ஏறியது, இறங்கியது. பானட்டுக்கு மேலே அவள் தலை வந்தது.

"குச்சீல அமுத்துனீங்களா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன; குச்சி மடியில் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் கிரீஸ் கையோடு ஓடி வந்து, குனிந்து ஆக்சிலேட்டர் மேல் இருந்த என் வலது காலைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா அமுத்துங்க" என்றாள்.