மூணாறுக்குப் போகாத கம்பளிகள்

1974 டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம். இரவுத் தூறல் நின்று, கணவாய்க் காற்று கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. கொல்லங்கோட்டில் என் வீட்டு வாசலில் ரண்பீர் நின்றார். அந்த நேரத்துக்கு அவர் கம்பளி மூட்டைகளோடு உடுமலைப்பேட்டையைத் தாண்டியிருக்க வேண்டும்.

"கணக்கர் சார், வண்டிய நிறுத்திட்டாங்க. காயிதம் பத்தாதுங்கறாங்க."

நான் அப்போது ஒன்பது ஆண்டுகளாக வியாபாரிகளுக்கு விற்பனை வரிக் கணக்கு எழுதி வந்தேன். ரண்பீர் நேபாளத்துக்காரர். எங்கள் ஊர் அரிசி ஆலையில் பதினோரு வருடம் இரவுக் காவல் பார்த்தவர். ஊருக்கே அவர் 'கூர்க்கா'தான். ரண்பீர் என்று கூப்பிட்டவன் நான் ஒருவன். சேமிப்பை வைத்துக் கடைவீதியில் ஒரு சிறு கம்பளிக் கடை போட்டிருந்தார். சொந்த ஊரை விட்டு வந்து கடை வைக்கும் நேபாளத் தம்பிகளுக்கு இன்று வரியைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அன்று அவருக்கு நான்தான் இருந்தேன்.

கடை

அவருக்கு மூன்று விஷயங்கள் சொன்னேன். கடைப் பணத்தில் வீட்டுக்கு அரிசி வாங்கக் கூடாது. பில் போடாமல் ஒரு மஃப்ளர்கூடக் கைமாறக் கூடாது. வாங்குபவரிடம் வசூலிக்கும் வரி உங்கள் பணம் அல்ல, சர்க்கார் பணம். மூன்றாவதைக் கேட்டதும் வரிப் பணத்துக்கென்று தனியாக ஒரு பால்மாவு டப்பா வைத்துவிட்டார். ரிஜிஸ்ட்ரேஷன் சான்றிதழைக் கடையில் மாட்ட வேண்டும் என்றேன். பசுபதிநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டுக்கும் சேர்த்துச் சந்தனம் வைத்தார்.

"எதுக்குங்க இதுக்குப் பொட்டு?"

"பதினோரு வருசம் அடுத்தவன் கதவக் காத்தேன் சார். என் பேர் எழுதின காயிதம் இது ஒண்ணுதானுங்க."

கொல்லங்கோட்டு வெயிலில் கம்பளி எத்தனை விற்கும்? அவர் குறி மூணாறு. மார்கழி, தை இரண்டு மாதமும் அங்கே தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கம்பளி வாங்குவார்கள். பஜாரில் ஒரு கடை முகப்பை வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். மூவாயிரம் ரூபாய் கடன் வாங்கி, கைக்காசையும் போட்டு, லூதியானாவிலிருந்து இருநூற்று நாற்பது ஸ்வெட்டர்கள் வரவழைத்தார். ஒன்று பதினெட்டு ரூபாய். இந்தக் குளிர்காலம் நன்றாகப் போனால் கடன் தீரும், கடை நிலைக்கும்; போகாவிட்டால் இரண்டும் இல்லை.

கொல்லங்கோடு இருக்கும் பாலக்காடும் மூணாறும் கேரளம்தான். ஆனால் எங்கள் பக்கத்திலிருந்து போகும் குறுக்கு வழி கோவிந்தாபுரத்தில் எல்லை தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சுற்றி, சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் நுழையும். நாங்கள் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவதை வெளிமாநிலப் பயணம் என்று நினைத்ததே கிடையாது. தமிழ்நாட்டுக்குப் போகும் சரக்குக்கும் கேரளத்துக்குள் போகும் சரக்குக்கும் நூற்றுக்கணக்கில் காகிதம் எழுதிய எனக்கு, வெளியே போய்த் திரும்ப உள்ளே வரும் சரக்குக்கு, வழியில் விற்க மாட்டோம் என்று தனியாக ஓர் உறுதிமொழி வேண்டும் என்று தோன்றவில்லை. கேரளத்துக்குள் என்றே எழுதிக் கொடுத்தேன்.

சாவடி

எல்லைக்கு அப்பாலிருந்த தமிழ்நாட்டுச் சோதனைச்சாவடிக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். வேன் டிரைவர் ஆறுச்சாமி ஸ்டெப்னி மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க கூர்க்கா, உங்கூர்க் குளிர இந்த வெயில்ல இறக்கி வைக்கச் சொல்றாங்க. உருகிடப் போவுதுங்க."

அதிகாரி நடுவயதுக்காரர். மரியாதையாகவே பேசினார்.

"சார், இது மூணாறுக்குத்தான் போகுதுன்னு நீங்க சொல்றீங்க. வழியில பொள்ளாச்சியில இறக்கி வித்துட்டா எனக்கெப்படீங்க தெரியும்? எழுதிக் குடுக்கலையே. முந்நூத்தி நாப்பத்தஞ்சு ரூவா கட்டுங்க, ரசீது தர்றேன். வண்டி போகட்டும். அப்புறம் அப்பீல் போட்டுத் திருப்பி வாங்கிக்கங்க."

"கேரளத்துல ஏத்திக் கேரளத்துல இறக்கற சரக்கு. உங்களுக்கு எதுக்கு வரி?"

"கோபப்படாதீங்க. கட்டறதும் கட்டாததும் உங்க இஷ்டம்."

ரண்பீர் என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். இடுப்பிலிருந்து பணத்தை எடுத்துவிட்டிருந்தார்.

"இருக்குங்க சார். கட்டிரட்டுங்களா?"

"கட்டினா தப்பு நம்ம மேலன்னு ஆயிரும். ஒரு பைசா கட்டாதீங்க. சட்டம் நம்ம பக்கம்."

"சட்டம் உங்களுக்குத் தெரியும். குளிர் எனக்குத் தெரியும் சார். தை முடிஞ்சா குளிர் போயிரும்."

"அதுக்குள்ள முடிச்சிரலாம்."

"சார் சட்டம் பேசட்டுங்க" என்றான் ஆறுச்சாமி. "எனக்கு வாடகை ஓடீட்டு இருக்குது."

 ரண்பீர் பணத்தை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். மூட்டைகள் சாவடிக் கொட்டகைக்குள் போயின.

தீர்ப்பு

அதே வாரம் கோயமுத்தூரில் வரி அப்பீல் அதிகாரியிடம் மனு கொடுத்தேன். முதல் தேதியில் அவர் லீவு. அடுத்த தேதியில் ஃபைல் வரவில்லை. மூன்றாவதில் இன்னொரு காகிதம் கேட்டார்கள். மார்கழி போயிற்று, தை போயிற்று. மூணாறு பஜார் முகப்பில் வேறொருவர் கடை போட்டார். ஏப்ரலில் உத்தரவு வந்தது: சரக்கு கேரளத்துக்கே உரியது, ஒன்றும் வசூலிக்காமல் விடுவிக்கவும். திரும்பி வரும் பஸ்ஸில் நின்றபடியே அதை இரண்டு முறை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஜெயிச்சுட்டோமுங்களா சார்?"

"ஜெயிச்சுட்டோம்."

"மூணார்ல இப்ப வெயில்தானுங்களே?"

கொட்டகைக் கூரை ஒழுகியிருந்தது. மூட்டையைப் பிரித்ததும் பூஞ்சை நாற்றம்; பூச்சி அரித்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. பொள்ளாச்சி வியாபாரி ஒருவர் ஸ்வெட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கூர்க்கா, இத்தன ஜன்னல் இருந்தா குளிர் எப்படிப்பா நிக்கும்? எட்டு ரூவா. அதுவும் உன் மூஞ்சிக்காக." அத்தனையையும் அவருக்கே கொடுத்தோம்.

வைகாசியில் ரண்பீர் கடையைக் காலி செய்து, அதே ஆலையில் இரவுக் காவலுக்குத் திரும்பினார். சான்றிதழை ரத்து செய்யும் மனுவையும் நான்தான் எழுதினேன்.

கடை வைக்கும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். அநியாயமான வரி என்று தோன்றினாலும், சரக்கு நின்றுபோகும் என்றால், ஆட்சேபம் எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டி ரசீது வாங்குங்கள். சரக்கு போய்ச் சேரட்டும். வழக்கை அப்புறம் நடத்தலாம். உங்கள் கணக்கர் சட்டம் சொன்னால், எந்த மாதத்துக்குள் முடியும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஸ்வெட்டர் நஷ்டம் இரண்டாயிரத்து நானூறு. வண்டி வாடகை நூற்று அறுபது. ஐந்து மாத வட்டி முந்நூறு. முதல் மாதக் காவல் சம்பளம் வாங்கிய அன்று ரண்பீர் என் வீட்டுக்கு வந்து மேஜை மேல் நோட்டுகளை வைத்தார். "ஜெயிச்சுக் குடுத்தீங்க சார். உங்க ஃபீஸ்." எண்ணிப் பார்த்தேன், எழுபத்தைந்து, சரியாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். அதையும் சேர்த்து, அந்த வெற்றிக்கு அவருக்கு ஆன செலவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து ரூபாய்.