ராணி என் முழியைப் பார்த்துக் காப்பியடித்த கதை

‘டக்… டக்…’ இருட்டினால் போதும், எங்கிருந்தோ இந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். என் வீட்டுக்காரருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் நைட் ஷிப்ட். கம்பெனி பஸ் காலையில்தான் கொண்டுவந்து விடும். வீட்டில் நானும் பத்து மாதப் பாப்பாவும் மட்டும். என் வேலையோ, கவனத்தைத் திருப்பக் குரங்கைப் பழக்குவது! கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் சகோதரிகளே, நீங்களே சொல்லுங்கள், என் கவனத்தை யார் திருப்புவது?

ரெண்டு ரோடு

வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். திரையின் இரண்டு ஓரத்திலும் ஒரு மங்கலான புள்ளி. எது லேசாக நிறம் மாறுகிறதோ, அந்தப் பக்கக் கைப்பிடியை ராணி என்ற குரங்கு இழுத்தால், நான் பட்டனை அமுக்கி ஜூஸ் கொடுக்க வேண்டும். அப்போது அதன் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் பேசிக்கொள்கின்றன என்பது கூடத்தை நடத்தும் மேடத்தின் ஆராய்ச்சி. முன்பக்கத்துக்கும் உச்சிக்குப் பின்பக்கத்துக்கும் ரோடு மாதிரி இணைப்புகள் உண்டாம். நாமாகக் கவனத்தைத் திருப்பினால் ஒரு ரோடு, திடீர்ச் சத்தம் பிடித்து இழுத்தால் இன்னொரு ரோடு. குரங்குக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே வரைபடம்தானாம்.

மேடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். ராணியும் நானும் சேர்ந்தே துள்ளினோம். அவள் உடனே திரைக்குத் திரும்பிவிட்டாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ராணி வந்துட்டா. நீ எப்பம்மா வருவே? உனக்கு அந்த ரெண்டாவது ரோடு மட்டும் நாலு வழிச்சாலையா போட்டிருக்கு!” என்றார் மேடம்.

நூற்றுக்கு நூறு

திடீரென்று ராணி ஒரு தப்புகூடச் செய்யாமல் இழுக்க ஆரம்பித்தாள். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. கேமராவில் பதிந்ததைப் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. எந்தப் பக்கம் மாறப்போகிறது என்று என் மேஜையில் முன்கூட்டியே ஒரு சின்ன விளக்கு எரியும். அதைப் பார்த்ததும், என்னையறியாமல் என் கண் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது. ராணி திரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்திருக்கிறாள். கான்வென்ட்டில் பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்க்கக்கூடப் பயந்தவள் நான்!

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். “கொஸ்டின் பேப்பரை நீயே அவுட் பண்ணிட்டியேம்மா!”

கூலிங் கிளாஸ்

மறுநாளிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடுதான் உட்கார வேண்டும் என்று உத்தரவு. கூண்டு கழுவும் அந்தோணி அண்ணன் என்னைப் பார்த்ததும் வாளியோடு பின்னால் போனார்.

“இன்னாம்மா, மெட்ராஸ் ஐ வந்துடுச்சா? எங்க ராணிக்கு ஒட்டவெச்சிடாத!”

ஒரே சுவர்

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாதது, பாப்பா ராத்திரியில் தூங்குவதில்லை. கொட்டக் கொட்ட விழித்துக் கதவையே பார்ப்பாள். நான் பகலில் ராணி முன்னால் தூங்கி வழிவேன். வேலையை விட்டுவிடலாம் என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

இன்று சாயந்திரம் பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா வந்திருந்தபோது, பாப்பா அதேபோலக் கதவைப் பார்த்தாள். நானும் அப்போது கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கென்றது. என் முழியைப் பார்த்துக் காப்பியடிக்க வீட்டிலும் ஒரு ராணி! ராத்திரிச் சத்தத்தைப் பற்றி அக்காவிடம் சொன்னேன்.

“பயமா இருந்தா தாழ்ப்பாள் போட்டுக்க வேண்டியதுதானே?” என்றார் அக்கா.

போன மாதம் காய்ச்சலில் பாப்பாவுக்கு வலிப்பு வந்தது. அன்று அவளைத் தூக்கிக்கொண்டு என்னால் தாழ்ப்பாளைத் திறக்கவே முடியவில்லை. அதிலிருந்து, அவசரத்துக்கு நீங்கள் ஓடிவர வேண்டுமே என்று கதவை வெறுமனே சாத்தித்தான் வைக்கிறேன் என்றேன்.

அக்கா என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

“பேஜார் புடிச்சவளே, நமக்கு நடுவுல ஒரே சுவருதானே? ரெண்டு தட்டு தட்டு, நான் வர்றேன். பாப்பாவுக்கு ஒரு கை, தாழ்ப்பாளுக்கு ஒரு கை. ஆண்டவன் ரெண்டு கை குடுத்திருக்கான்ல?”

இதோ, எழுதுவதை நிறுத்தி எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். ‘டக் டக்’ நின்றுவிட்டது. ஆள் ஓடிவரட்டும் என்று நான் திறந்து வைத்த கதவேதான் இத்தனை ராத்திரியும் காற்றில் ஆடி என்னைப் பயமுறுத்தியிருக்கிறது!