மூட்டைமேல் இரண்டு கைகள்

ஏரி வறண்டுபோன அந்த வருஷம் உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்தது. அரிசியைப் போலவே அதையும் வேகவைத்துப் போட்டோம். பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டே தின்றார்கள்.

லாரி சாலையில் இறக்கிவிட்டுப் போகும் மூட்டைகளைச் சேரியிலிருந்து வரும் ஒருவர்தான் சுமந்துவந்து அடுக்குவார். விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி ஒரு உடம்பு. மூட்டைகளில் ஒன்றையொன்று பற்றிய இரண்டு கைகளின் படம் அச்சிட்டிருக்கும். இறக்கிய ஒவ்வொரு மூட்டையையும் படம் மேலே தெரியும்படி புரட்டி, தலைத்துண்டால் தூசி தட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

ஒருநாள் கேட்டார்: "இது யாரு கையி சார்?"

"ஒண்ணு அமெரிக்காக்காரன் கை. இன்னொண்ணு நம்ம கை."

"நம்ம கைன்னா?"

"இந்த ஏரித் தண்ணி குடிச்சு வளர்ந்த நம்ம எல்லாரோட கையுந்தான்." வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன்.

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். "அம்மாந்தூரத்துலேர்ந்து வந்து புடிச்சிக்கினு கீறான். எங்க கையும் இதுல கீதா சார்?"

"இருக்குப்பா" என்றேன்.

அவர் வழக்கம்போல வாசலுக்கு வெளியே போய்க் குந்தி, தண்ணீருக்காக இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார். நானும் வழக்கம்போல, சொம்பு அந்தக் கைகளில் பட்டுவிடாத உயரத்திலிருந்து ஊற்றினேன்.