கூட்டத்திலிருந்து எழுந்து போன தலைவர்

பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் என் உரக்கடையில் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்க" என்றார் ஆரோக்கியமேரி டீச்சரின் தம்பி அந்தோணிசாமி. கடையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் வழி நெடுக எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரோடு முடிக்காத சண்டை ஒன்று பாக்கி இருந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளிக்கூட வேலையில் ஓய்வு பெற்றபின் கவுன்சிலராக நின்று ஜெயித்து, ஜெயங்கொண்டம் பக்கத்திலுள்ள எங்கள் சிறிய பேரூராட்சிக்குத் தலைவராகவும் ஆனவர். குரல் உயராது. வாங்க போங்க இல்லாமல் யாரையும் கூப்பிட மாட்டார். நான் அதே மன்றத்தில் கீழத்தெரு வார்டு கவுன்சிலர். எனக்கு உயர்ந்த குரல் மட்டும்தான் உண்டு.

தலைவரான புதிதில் தெருவிளக்குப் பராமரிப்பு டெண்டர் ஒன்று மன்றத்துக்கு வந்தது. கேட்டவர்களில் அவருடைய அக்கா மகனும் ஒருவன். "இதுல எங்க வூட்டுப் புள்ள இருக்கான். நீங்க பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று துணைத்தலைவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு டீச்சர் வெளியே போய்விட்டார். வீட்டு வரி கட்ட வந்தவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். உள்ளே நாங்கள் சிரித்தோம். பையனுக்கு டெண்டர் கிடைக்கவில்லை. சித்தி தலைவராக இருந்து என்ன பிரயோஜனம் என்று ஊரெல்லாம் புலம்பித் திரிந்தான். சொந்தக்காரர் விஷயம் வந்தால் கூட்டத்திலிருந்து விலக வேண்டும் என்று மன்ற விதியில் உள்ளதைத்தான் டீச்சர் செய்தார். ஆனால் அதைச் செய்த ஒருவரை அதுவரை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

பிறகு கீழத்தெரு போர்வெல் தண்ணீர் உப்பாகிப்போன கோடை வந்தது. புதிய போரும் மேல்நிலைத் தொட்டியும் வேண்டும். நல்ல தண்ணீர் கிடைத்த ஒரே இடம் டீச்சரின் தம்பி அந்தோணிசாமியின் நிலம். நியாயமான விலைக்கே தருவதாகச் சொன்னார். டீச்சர் போக, மன்றத்தில் நாங்கள் சரிபாதி, எதிர்ப்பவர்கள் சரிபாதி. டீச்சர் கை தூக்கினால் தொட்டி நிச்சயம். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கவுன்சிலர் கலியபெருமாள். எங்கள் தெருவுக்குப் பேரூராட்சி வாடகை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்த தண்ணீர் லாரி அவருடையதுதான்.

டீச்சர் எழுந்து வெளியே போனார். கலியபெருமாள் அசையவில்லை. ஓட்டு சமமாக நிற்க, நாற்காலியில் உட்கார்ந்த துணைத்தலைவர் முடிவு ஓட்டை அவர் பக்கம் போட, தீர்மானம் தோற்றது.

மறுநாள் காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"லாரிக்காரரு உள்ள ஒக்காந்து கை தூக்குறாரு. நீங்க நல்ல பேரு வாங்கிக்கிட்டு வெளிய ஒக்காந்திருக்கீங்க. கொடம் தூக்குறது எங்க தெருப் பொம்பளைங்க."

அவர் கீரைக்காம்பை ஒதுக்கி வைத்தார். "அவரு பெரியவரு. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு வுட்டுட்டேன் செல்வராசு. நான் எழுந்து போனது தப்பில்ல. அவரை வுட்டுட்டுப் போனேன் பாருங்க, அதுதான் தப்பு."

முகதாட்சண்யம் எங்கள் ஊரின் பெரிய வியாதி. டீச்சருக்கும் அது இருந்தது. தோற்ற தீர்மானத்தை உடனே திரும்பக் கொண்டுவரவும் முடியாது. கோடை முழுக்க எங்கள் தெருப் பெண்கள் லாரிக்காகக் காத்துக் கிடந்தார்கள். லாரி வராத நாட்களில் ஏச்சு வாங்கியது நான்.

மழை தொடங்கியபின் தீர்மானம் மறுபடி வந்தது. டீச்சர் எழுந்தார். கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"அண்ணே, வாங்க. இதுல எனக்கும் ஆதாயம் இருக்கு, ஒங்களுக்கும் இருக்கு. வெளிய ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்போம்."

விருந்துக்குக் கூப்பிடுகிற குரல் அது. கலியபெருமாள் துண்டைச் சரிசெய்தார், எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். டீச்சர் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கலியபெருமாள் எழுந்து போனார். எதிர்ப்பில் ஒரு கை குறைந்தது, தீர்மானம் நிறைவேறியது. தொட்டி இன்றைக்கும் தண்ணீர் தருகிறது.

ஆனாலும் என் சண்டை தீரவில்லை. நியாயமான விலை, ஊருக்கு நன்மை, முதல் தடவையே கை தூக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உடம்பு முடியாமல் அவர் பதவியை விட்டபிறகும் போகும்போதெல்லாம் கேட்பேன். "அடுத்த தடவ நியாய வெலையா இருக்காது செல்வராசு" என்பார். அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு அந்தப் பதில் இன்றும் போதவில்லை. ஆனால் அவர் பதவியை விட்டபின் எங்கள் மன்றத்தில் எவரும் எழுந்து வெளியே போனதில்லை என்பதும் உண்மை.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. ஜெபம் முடிந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். எனக்கு முன்னால் நின்றவர் கலியபெருமாள். மண்ணைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"அடுத்த கூட்டத்துல பஸ் ஸ்டாண்டு கடை ஏலத்த முடிவு பண்றாங்க. என் மவனும் கேட்டிருக்கான். ஒன் மருமவனும் கேட்டிருக்கானாம். வாப்பா, நாம ரெண்டு பேரும் வெளிய ஒக்காந்துக்குவோம்."

எனக்குச் சுருக்கென்றது. மருமகனுக்கு வேலை போய் மாதங்களாகின்றன. அந்தக் கடையை நம்பித்தான் என் மகள் இருக்கிறாள். நான் உள்ளே இருந்தால் கிடைத்துவிடும். இதை டீச்சர் சொல்லியிருந்தால் அவரோடு ஒரு மூச்சு கத்தியிருப்பேன். கலியபெருமாளிடம் கத்த எனக்கு வாய் வரவில்லை.

டீச்சர், உங்களை நினைத்து நிம்மதியாக அழக்கூட முடியவில்லை. எல்லோரும் கலைந்துவிட்டார்கள். கலியபெருமாள் மட்டும் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்று பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார். மண் ஒட்டிய கையோடு நான் உங்கள் பக்கத்திலேயே நின்றேன். இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. போய் வாருங்கள்.