குகனின் அரை மொட்டை

போன வாரம் ஸ்காபரோ மோல் ஒன்றில் என் மகள் ஒரு கறுப்பு ஜாக்கெற்றைத் தூக்கிக் காட்டி, வடிவாக இருக்கிறதா என்று கேட்டாள். தோளிலும் கையிலும் சட்டைப்பின்கள் குத்தியிருந்தன. தொழிற்சாலையிலேயே குத்திவிடுகிறார்களாம். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் குகன் இப்படி ஒரு ஜாக்கெற் செய்வதற்காகக் கட்டடத்திலிருந்த தமிழ் வீடுகளிலெல்லாம் பின் கேட்டு அலைந்தவன். கைக்குழந்தை இல்லாத வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பின் என்று அன்ரிமார் தங்களுக்குள் கவலைப்பட்டார்கள்.

குகன் என் ஒன்றுவிட்ட தம்பி. தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவனும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அப்பார்ட்மென்றில் இருந்தோம். கட்டடத்துக்குள் நுழைந்ததுமே தூளுக்கு மிளகாய் வறுக்கிற மணம் வரும். எங்கள் கதவைத் திறந்தால் மட்டும் சவர்க்கார மணம். குகன் சலவைச் சவர்க்காரத்தைக் குழைத்துத் தலையில் பூசித்தான் மயிரை முள்ளு மாதிரி நட்டமாக நிறுத்துவான். நான் அப்போது ஒரு கார் பார்க்கிங்கில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ரிக்கெற் கொடுத்துக்கொண்டிருந்தேன். மெல்லிசையைத் தவிர வேறொன்றும் என் காதில் ஏறாது. கடவுள் எனக்கென்று பார்த்து இவனை அறைத்தோழனாகக் கொடுத்திருந்தார்.

அவனுக்குப் பங்க் என்கிற அந்தக் கத்தல் இசையைப் பழக்கியவன் ரமில். மணிலாவிலிருந்து வந்தவன், குகனோடு ஒரே உணவகத்தில் கோப்பை கழுவியவன். ரமிலின் சிநேகிதன் ஃபைசல் கோலாலம்பூர்க்காரன். மூவரும் சேர்ந்து முதல் கசெற்றைப் போட்ட அன்று, ரேப் ரெக்கோடர் நாடாவைத் தின்கிறதாக்கும் என்று நினைத்து நான் ஓடிப்போய் நிறுத்தினேன். பாட்டே அதுதான் என்றார்கள்.

பிறகு தபாலில் உறைகள் வரத் தொடங்கின. மணிலா, ஜகார்த்தா, கோலாலம்பூர், ஒசாகா. உள்ளே ஒரு கசெற்றும், போட்டோக்கொப்பி அடித்துத் தைத்த ஒரு சின்னப் பத்திரிகையும் இருக்கும். முத்திரைமேல் சவர்க்காரம் தடவி அனுப்புவார்கள். தபாற்கந்தோரின் மையைக் கழுவிவிட்டு, அதே முத்திரையைத் திருப்பி அனுப்பினால் அங்கே மறுபடியும் ஒட்டலாம். எங்கள் வீட்டில் ஏன் சவர்க்காரம் நிற்பதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஜகார்த்தாப் பையன்கள் ஆட்சியிலிருக்கும் ஜெனரலை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பாடினார்கள். மணிலாக்காரர்கள் இடித்துத் தள்ளப்பட்ட தங்கள் குடிசைகளைப் பாடினார்கள். முகம் தெரியாத இவர்கள் ஒருவருக்கொருவர் பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கசெற் கிடைத்தவன் இன்னும் இரண்டு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் சட்டம்.

"அண்ணை, இது ஒரு இயக்கம்," என்றான் குகன் ஒருநாள்.

நான் எழும்பிப்போய்க் கதவைச் சாத்தினேன். எந்த இயக்கத்தோடும் சம்பந்தமில்லை என்று அகதி விசாரணையில் இரண்டு பேரும் தலையில் அடிக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள். இதற்குத் தலைவரே கிடையாது என்று அவன் சமாதானம் சொன்னான். தலைவர் இல்லாத இயக்கம் எத்தனை நாளைக்கு நிற்கும் என்று கேட்டேன். எனக்கு அவ்வளவுதான் அரசியல் தெரியும்.

அவர்களும் ஒரு இசைக்குழு தொடங்கினார்கள். ரமில் ட்ரம், ஃபைசல் கிற்றார். குகனுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது என்பதால் பாடகனாகிவிட்டான். தமிழில்தான் பாட்டு. முதற் பாட்டு, கட்டடத்து லோன்றி ரூமில் துணி காயாததைக் கண்டித்து எழுதியது. இரண்டாவது பாட்டு அவன் அப்பாவைப் பற்றியது.

அதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலம் அது. குகனின் தாய் முன்னமே காலமாகிவிட்டார். ரயில்வேயில் வேலைசெய்து ஓய்வுபெற்ற தகப்பன் தனியாக வன்னிப் பக்கம் போனார் என்பதோடு செய்தி நின்றுவிட்டது. மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. குகன் கொழும்பிலிருந்த தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் அடித்துப் பார்த்துவிட்டுப் பாட்டு எழுதினான். பாட்டில் இரண்டு வரிதான். அதையே திருப்பித் திருப்பிக் கத்துவான்.

டவுண்ரவுணில் ஒரு மண்டபத்தில் அவர்களுக்கு முதல் கச்சேரி கிடைத்தது. அதற்காகக் கச்சேரி நாள் காலை ரமில் எங்கள் குளியலறையில் வைத்துக் குகனுக்குத் தலை வழித்தான். இரண்டு பக்கமும் மொட்டை, நடுவில் ஒரு வேலி. ரமிலும் ஃபைசலும் முழு மொட்டை. அந்தக் கோலத்தில், கறுப்புச் சட்டையோடு, சவர்க்காரம் வடிந்து கண் இரண்டும் சிவந்திருக்கக் குகன் எலிவேற்றரில் ஏறினான். உள்ளே தங்கராசா அண்ணை நின்றார். கட்டடத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யாருடைய அகதி வழக்கு வென்றாலும் செய்தி அவர் வாயால்தான் வெளியே வரும்.

எங்கள் ஆட்களில் ஒரு மகன் தலை மழித்தால் அதற்குக் காரணம் கேட்பதில்லை. அண்ணையும் கேட்கவில்லை. குகனின் கையைப் பிடித்து, "எல்லாம் விதி தம்பி," என்றார். தலைவெட்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்த குகன், "ஓம் அண்ணை," என்றான். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

நடு மயிருக்கும் அண்ணையிடம் விளக்கம் இருந்தது. தகப்பனுக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்த பிள்ளையை உணவகத்து முதலாளி பாதியில் ஷிப்ற்றுக்குக் கூப்பிட்டுவிட்டானாம். இந்த நாட்டில் ஒரு மனிதனுக்கு ஆறுதலாக அழவும் நேரமில்லை என்று தளம் தளமாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் வேலை முடிந்து வந்தபோது கொரிடோர் முழுக்க ஆட்கள். செத்த வீட்டில் அடுப்பெரிக்கக் கூடாதென்று பிட்டும் சொதியும் வந்துகொண்டிருந்தன. யார் செத்தது என்று கேட்டேன். உனக்கும் சொல்லவில்லையா என்று என்னைக் கட்டிப்பிடித்தார்கள். உள்ளே குகன் நடுவில் இருந்தான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவன் முகத்தைத் தன் தோளில் அழுத்தினார். பக்கத்தில் ரமிலும் ஃபைசலும், கிழிந்த கறுப்பு உடுப்போடும் மழித்த தலையோடும். ஓர் அன்ரி ஃபைசலின் மொட்டையைத் தடவி, "சொந்தப் பிள்ளையள்கூட இப்பிடிச் செய்யாதுகள்," என்று விம்மினார். கச்சேரிக்கு வாழ்த்துச் சொல்லத்தான் இவ்வளவு பேரும் வந்திருக்கிறார்கள் என்று ரமில் முடிவுசெய்துவிட்டான். தமிழர்கள் இந்த இசையை இவ்வளவு நேசிப்பார்கள் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லி, மூன்றாம் தரம் பிட்டு வாங்கினான்.

"அண்ணை, என்ரை தலையைப் பாத்திட்டு வந்திட்டினம்," என்று குகன் என் காதுக்குள் சொன்னான்.

நான் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பாரிஸிலிருந்து குகனின் அக்கா. அப்பா போய்விட்டார் என்று இரண்டு மூன்று இடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள் என்று கதறினார். அது தன் தலைமயிரால் வந்த கதை என்று குகன் சொன்னான். அக்கா கேட்கவில்லை.

"இல்லையடா, கொழும்பிலை இருந்தே சொன்னவை."

குகன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் தலையில் பிறந்த செய்திதான் உலகத்தைச் சுற்றிவிட்டு அவனிடமே திரும்பி வந்திருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அப்படித்தான் என்று எப்படி அடித்துச் சொல்வது? மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாத மனிதர். கொழும்பில் சொன்னவர்கள் உண்மையைத்தான் சொன்னார்களோ? குகன் தன் அரை மொட்டையைத் தடவினான். பிறகு உண்மையாகவே அழத் தொடங்கினான். கூடியிருந்தவர்களுக்கு நிம்மதி. பிள்ளை இப்போதாவது அழுகிறானே என்றார்கள். நான் செருமிய தொண்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிரவு கச்சேரிக்குப் போகமாட்டான் என்று நினைத்தேன். போனான், நானும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு கூடப் போனேன். பிலிப்பைன்ஸ், வியற்நாம், சீனா, மலேசியா என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். குகன் மைக்கைப் பிடித்து, "அப்பா, எங்கை நிக்கிறியள்?" என்று கத்தினான். அர்த்தம் தெரியாமலே மண்டபம் முழுக்கத் திருப்பிக் கத்தியது. ஒரு கிழவரை இத்தனை நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து தேடியதை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. எப்போது பஞ்சை எடுத்தேனோ தெரியாது, நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச வாரம் கழித்து வவுனியாவில் ஒரு போன் கடையிலிருந்து அழைப்பு வந்தது. தகப்பன்தான். தான் செத்த செய்தி தன்னைத் தேடி வவுனியாவரை வந்துவிட்டதென்று சொன்னார். குகன் திக்கித் திக்கித் தலைவெட்டுக் கதையை முழுக்கச் சொன்னான். திட்டப்போகிறார் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்கை குளிரல்லோ மோனை," என்றார். "தலைக்குத் தொப்பி போடு."

தங்கராசா அண்ணைக்கு மட்டும் திருப்தியில்லை. போனில் வந்தது அப்பாவின்ரை குரல்தான் என்று வடிவாகத் தெரியுமா என்று குகனிடம் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த உறைகள் வருவதில்லை. ஃபைசல் கோலாலம்பூரில் கணக்காளர். ரமில் கல்கரியில் பேரப்பிள்ளை பார்க்கிறான். ஜகார்த்தா ஜெனரல்கூட வீட்டுக்குப் போய்விட்டார். பிட்டுக் கொண்டுவந்தவர்கள் மார்க்கம், ஏஜக்ஸ் என்று புறநகர்களில் பெரிய வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு குகனின் அப்பா உண்மையாகவே காலமானார். தொண்ணூறைத் தாண்டி, யாழ்ப்பாணத்தில், தன் கட்டிலில். படத்தோடு செய்தி எல்லாருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் வந்தது. நான் குகனின் கொண்டோ வீட்டுக்குப் போனேன். அவனுடைய போன் மேசையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. திரையில் கூப்பிய கை, கூப்பிய கை, மறுபடியும் கூப்பிய கை.

"கதவைத் திறந்து விடுங்கோ அண்ணை," என்றான் குகன். "சனம் வரும்."

அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. என் சப்பாத்து ஒன்றைக் கழற்றி இடையில் முட்டுக்கொடுத்தேன். இருட்டும்வரை இருந்தோம், கொரிடோரில் ஒரு காலடியும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போக எழும்பியபோது நான்தான் அந்தச் சப்பாத்தை எடுத்தேன்.