அக்காவின் விதை வெங்காயம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேருக்கு என் முகம் சரியாகத் தெரியாது. நான் அக்காவுக்கு அடுத்துப் பிறந்த தம்பி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, போர்வெல் லாரியில் ஏறி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளி மாநிலங்களில் திரிந்தவன். நல்லது கெட்டதுக்கெல்லாம் தாமதமாக வந்து சேர்ந்தவன் என்று சொன்னால் சிலருக்கு நினைவு வரலாம். இதை எழுத என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அக்காவின் மகள் செல்வி, "கடைசியில கூட இருந்தது நீங்கதான் மாமா, நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள்.

அக்கா பிறந்தது செந்துறைக்குப் பக்கத்தில். வானம் பார்த்த நிலம். அப்பா சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்தார். அவருக்கு நெஞ்சுச் சளி முற்றிப் படுத்தபோது அக்கா ஐந்தாம் வகுப்பு. அதோடு படிப்பு நின்றது. முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கவும், பிறகு சுட்ட கொட்டை உடைக்கவும் போனார். முந்திரிப் பால் பட்டால் விரல் தோல் உரிந்து கறுக்கும். அந்தக் கறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. அதைக் கஷ்டம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "கை இருந்துச்சு, வேலயும் இருந்துச்சு" என்பார்.

பத்தொன்பது வயதில் பெரம்பலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டார். அக்கா கணவரான மாமாவுக்கு மூன்று ஏக்கர் காடு, ஒரு கிணறு, காட்டுக்குள்ளேயே ஓட்டு வீடு. அந்தப் பக்கம் சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. அக்காவுக்கு அதுவரை வெங்காயம் குழம்பில்தான் பழக்கம். மாமியார் ஒரு கூடை விதை வெங்காயத்தை அவர் கையில் கொடுத்து, "இது என் கையோட வந்த காயி. இத விட்டுடாத" என்று மட்டும் சொன்னாராம். சிறிய காய். நல்ல சிவப்பு. உரித்தால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் கண் எரியும். அந்தக் காயை அக்கா நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் நட்டு, எடுத்து, பட்டறை போட்டுச் சேமித்து, மறுபடி நட்டார். ஒரு பட்டத்துக்குக்கூட வெளியே விதை வாங்கியதில்லை.

அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. அக்கம்பக்கத்தாருக்குள் விதை வெங்காயத்தை விலைக்கு விற்பதில்லை. விதையாகக் கொடுத்தால் விதையாகவே திரும்ப வர வேண்டும், அதுவும் கொடுத்த காயை நட்டு எடுத்த காயாக இருக்க வேண்டும். பின்னால் வருவதற்காக இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

செல்விக்கு ஏழு வயது இருக்கும்போது மாமா கிணற்றில் மோட்டார் இறக்குகையில் கயிறு அறுந்து இறந்துபோனார். நான் அப்போது மராட்டியத்தில் ஒரு மலையடிவாரத்தில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தேன். செய்தி கிடைத்து வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்து, "சாப்புட்டியாடா?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர், "அந்தப் பாத்திய மிதிக்காத" என்றார்.

அக்காவின் ஒரு நாளை இங்கே எழுதுகிறேன். அவர் வாழ்க்கை அப்படிப்பட்ட நாட்களால்தான் ஆனது. விடியும் முன் எழுந்து சாணி அள்ளுவார். பால் கறந்து சொசைட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்து, வாசலைத் தெளிப்பார். மும்முனைக் கரண்டு எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் ஓடும். சோறு தட்டில் இருந்தாலும் எழுந்து மடை மாற்றப் போவார். பனி காய்ந்த பிறகுதான் ஆடுகளை அவிழ்ப்பார். பகல் முழுக்கக் களை, அல்லது பருத்தி, அல்லது சோளத் தட்டை. மாலையில் ஆட்டுக்குட்டிகள் மேல் கூடையைக் கவிழ்த்து அடைப்பார். மண்வெட்டியைக் கழுவாமல் சார்த்தி வைத்தால் அன்று முழுக்க முணுமுணுப்பார். "நீ சோறு தின்ன தட்ட கழுவாம வப்பியா?" என்பது அவர் கேள்வி.

வெங்காயம் பட்டறையில் இருக்கும் மாதங்களில் தினமும் அங்கே ஒரு நடை போவார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் கல் பரப்பி, அதன்மேல் காய்ந்த பருத்தி மார்க் குச்சிகளை அடுக்கி, இரு பக்கமும் மூங்கில் தட்டி நிறுத்தி, நடுவில் வெங்காயத்தைக் கொட்டி, மேலே பனையோலை போடுவதுதான் பட்டறை. அகலம் குறைவாக, நீளமாக இருக்கும். காற்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போக வேண்டும். அக்கா தட்டியின் மேல் மூக்கை வைத்தபடியே நடப்பார். ஓர் இடத்தில் நிற்பார். கையை உள்ளே விட்டால் அழுகிய காய் வெளியே வரும். தவறி நான் பார்த்ததில்லை.

நான் இடையிடையே வந்து போவேன். வந்து நின்றதும், "வாங்க தொரை, எத்தினி நாளைக்கு?" என்பார். மூன்றாம் நாள் பையை எடுத்தால், "பஸ்ஸுக்கு நேரமிருக்கு. தின்னுட்டு ஓடு" என்பார். இரு என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

போன ஆண்டு தை மாதம் அவருக்கு வாதம் அடித்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. செல்விக்குத் திருப்பூரில் வேலையும் பிள்ளைகளும். எனக்கு ஓரிடத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே நான் வந்தேன். வெங்காயம் நிலத்தில் இருந்தது. பங்குனியில் பக்கத்துக் காட்டு மருதாயி ஆள் சேர்த்துக்கொடுத்து எடுக்க வைத்தாள். பட்டறையை நான் போட்டேன். அக்கா கட்டிலில் இருந்தபடியே, "அகலமாப் போடாத, அகலமாப் போடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வருகிற புரட்டாசியில் அந்தக் காயை நட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு அப்போது கவலை. மருந்தைக் கேட்காவிட்டாலும், "காய் எப்புடி இருக்கு?" என்று தினமும் கேட்பார்.

வைகாசியில் ஒரு மாலை மேற்கே கறுத்தது. "பட்டறைய பாத்துக்கடா" என்றார் அக்கா. எனக்கு லாரியில் சிமெண்டு மூட்டைகளை மூடிக் கட்டிப் பழகிய கை. மாட்டுக் கொட்டகையில் கிடந்த தார்ப்பாயை எடுத்து, பட்டறையின் மேலிருந்து நான்கு பக்கமும் தரை வரை இழுத்து, கயிறு போட்டு முடிந்தேன். நல்ல மழை பெய்தது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அக்காவிடம் வந்து, "சொட்டு எறங்காது" என்றேன். அவர் தலையசைத்தார். பக்கத்தைத் திறந்து விட்டு மேலே மட்டும்தான் மூடியிருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மழை விட்டதும் அதையும் எடுத்துவிடுவார்கள்.

மறுநாள் செல்வி விடுமுறையில் வந்தாள். ஐந்து மாதமாக ஒரே இடத்தில் இருந்து எனக்குக் கால் அரித்தது. "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அரியலூர் போய், அங்கிருந்து திருமழபாடிக்குப் பஸ் ஏறினேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. கொள்ளிடக் கரையில் உட்கார்ந்திருந்தேன். கோயிலில் சோறு போட்டார்கள். இரண்டு நாள் நான்கு நாளானது. நான்கு நாளும் சுள்ளென்று வெயில்.

திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கி வண்டிப்பாதையில் நடக்கும்போதே நாற்றம் தெரிந்தது. கயிற்றை அவிழ்த்தேன். தார்ப்பாய்க்குள் கை வைக்க முடியாத சூடு. அடிக் கல்லெல்லாம் பழுப்புத் தண்ணீர் வழிந்து நின்றது. மழைக்குத் தப்பிய வெங்காயம் தன் வேர்வையிலேயே வெந்துபோயிருந்தது. பொறுக்கிப் பார்த்ததில் ஒரு முறம்கூடத் தேறவில்லை.

செல்வி பின்னால் வந்து நின்றாள். "நல்லா கட்டியிருக்கீங்கன்னுதான் மாமா நெனச்சேன்" என்றாள். அவள் மேல் குற்றமில்லை. "அம்மாகிட்ட சொல்லிடலாம்" என்றாள். இப்போது வேண்டாம் என்றேன்.

உள்ளே போனதும் அக்கா கேட்டார். "என்னாடா நாத்தம்?"

"எலி செத்துக் கெடக்கு."

"ம். பெரிய எலியாத்தான் இருக்கும்."

அழுகியதை எருக்குழியில் போட்டு மூடினேன். வேறு ஊரில் ஒரு வியாபாரியிடம் வெங்காயம் வாங்கி வந்து பட்டறையை ரொப்பினேன். பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. அக்கா காய் எப்படி இருக்கு என்று கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கு என்றேன். பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் தினமும் ஒரே பொய்யை ஒரே ஆளிடம் சொல்லிப் பழக்கமில்லை. எப்போதும் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருப்பேன்.

ஆடியில் ஒரு நாள், "ஒரு காய் எடுத்தாடா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் வாங்கி, கட்டை விரலால் தோலைத் தேய்த்து, மோந்து பார்த்தார். வெகு நேரம் மோந்தார். "நம்ம காயி மாதிரிதான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு மருதாயியைக் கூப்பிடச் சொன்னார். அவள் வந்ததும் என்னை ஆடு மாற்றிக் கட்ட அனுப்பிவிட்டார்.

ஆவணியில் ஒரு காலை, காப்பி குடித்துவிட்டு, தலையணையைச் சரி செய்யச் சொன்னார். சரி செய்து முடிப்பதற்குள் உயிர் போயிருந்தது. அதிகம் படுத்தவில்லை, படவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தங்கள் போன மறுநாள் நான் பையை எடுத்து வைத்தேன். கர்நாடகத்தில் பழைய லாரிக்காரர் ஒருவர் ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மருதாயி வாசலில் வந்து நின்றாள். தலையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடை.

"எங்க கெளம்பிட்டீங்கண்ணே?"

"சும்மா, டவுனுக்கு."

"டவுனுக்குப் போறவரு போர்வைய எதுக்கு மடிச்சு வச்சிருக்கீங்க?"

அவள் கூடைகளை இறக்கி வைத்தாள். சிறிய காய். நல்ல சிவப்பு.

"இது அக்கா காயி" என்றாள். "முன்ன ஒருக்கா என் பட்டறை தண்ணியில போனப்ப அக்கா ரெண்டு கூட குடுத்துச்சு. திருப்பிக் குடுத்துட்டேன். ஆனா அந்த வெதய விடாம தனியா வச்சி நட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எதுக்கு இப்ப?"

"ஆடியில அக்கா என்னைக் கூப்புட்டுச்சில்ல? 'அவன் பட்டறைய மூடிப் போட்டு வேக வச்சிட்டான் மருதாயி. நாலு நாளும் தார்ப்பாய அவுக்கவே இல்லன்னு செல்வி அப்பறம் சொன்னப்பவே தெரியும். எங்கிட்ட எலின்னு சொல்றான். வெளியூர்க் காய வாங்கி ரொப்பி வச்சிருக்கான். நீ ஒண்ணும் கேட்டுக்காத. கேட்டா வெக்கப்பட்டுக்கிட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சிருவான். நான் போனப்பறம் ரெண்டு கூட குடு. வெதையா வாங்குனா வெதையாத் திருப்பணுமில்ல. அதுக்காவது ஒரு பட்டம் இருப்பான்'னு சொல்லுச்சு."

நான் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து மோந்தேன்.

"வாங்கிக்கிறீங்களா, திருப்பித் தூக்கிட்டுப் போவட்டுமா? கழுத்து வலிக்குதுண்ணே" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். புரட்டாசியில் கிணற்றை ஒட்டிய பாத்திகளில் அந்தக் காயை நட்டேன். வாங்கி வைத்திருந்த வெளியூர்க் காயைக் கீழ்ப்பாத்திகளில் நட்டு, எடுத்ததும் விற்றுவிட்டேன். அக்கா காயை மட்டும் மறுபடி நட்டுப் பங்குனியில் எடுத்தேன். மருதாயிக்கு இரண்டு கூடை திருப்பிக் கொடுத்தாயிற்று. பட்டறையை அகலமாகப் போடவில்லை. கோடை மழைக்குப் பனையோலை மட்டும் போட்டேன். இடையில் இரண்டு முறை கிளம்ப வேண்டும் என்று தோன்றியது. காய் கிளற வேண்டியிருந்ததால் போகவில்லை. மூக்கு இன்னும் பழகவில்லை. பத்து முறை கை விட்டால் நான்கு முறைதான் அழுகல் கிடைக்கிறது.

அக்கா படுத்திருந்த காலத்தில் தலை வாரிவிட்டும் துணி துவைத்தும் உதவிய மருதாயிக்கும் அவள் மருமகளுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், என் கை கறக்கப் பழகும்வரை பாலை வந்து கறந்து கொடுத்த சொசைட்டிக்காரருக்கும், கடைசி நாளில் கிடைத்த வண்டியில் ஏறி வந்த செந்துறைச் சொந்தங்களுக்கும், சொல்லி அனுப்பாமலே வந்து குழி வெட்டிய ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயராவது விடுபட்டிருந்தால் அது என் மறதி, அக்காவின் மறதி அல்ல.

இந்த மலரோடு ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு ஓலைப் பெட்டியில் வெங்காயம் தருகிறோம். அது சமைக்க அல்ல, நடுவதற்கு. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம், காற்றுப் படட்டும். நட இடம் இல்லாதவர்கள் இங்கேயே விட்டுச் செல்லலாம். நட்டு எடுத்தவர்கள் ஊர் வழக்கப்படி வரும் ஆண்டு விதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள நான் இங்கேதான் இருப்பேன்.